சிவப்பு நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு கிரைண்டர்

எனக்குக் கோபம் வந்தால் கத்தத் தெரியாது. கடிதம் எழுதுவேன். மேலே 'பொருள்' என்று போட்டு, அதற்குக் கீழே 'பார்வை' என்று போட்டு, கடைசியில் இணைப்புகளின் பட்டியலும் கொடுத்து, ஒரு நகலைக் கோப்பில் சொருகினால்தான் எனக்கு ரத்தக் கொதிப்பு அடங்கும். ரயில்வே அலுவலகத்தில் பணியாளர் பிரிவில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு வேறு எப்படிக் கோபப்பட வரும்? (என் மனைவி விஜயா கேட்பாள்: "சண்டைன்னா வாயால போடணும். நீங்க எதுக்குப் பேனாவைத் தேடுதீய?")

அந்தப் பேனாவால் நான் பட்ட அவமானத்தைத்தான் சொல்லப் போகிறேன். நடந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். பதவி உயர்வோடு என்னைக் கொல்கத்தாவுக்கு மாற்றியிருந்தார்கள். கார்டன் ரீச்சில் குவார்ட்டர்ஸ். மகள் நித்யா அப்போது ஆறாம் வகுப்பு. வந்த நாலாவது மாதமே கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு வங்காளத்தில் சண்டை போட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அந்த மொழியில் ஒரு எழுத்தும் தெரியாது. இந்தி தெரியும் என்று நான் சொல்லிக்கொள்வேன். கேட்டவர்கள் யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

திருநெல்வேலியிலிருந்து சாமான்கள் வந்த லாரியில் எங்கள் பழைய கிரைண்டர் உயிரை விட்டுவிட்டது. கோயம்புத்தூரில் இருக்கும் தம்பியிடம் சொல்லிப் புதிது அனுப்பச் சொல்கிறேன் என்றாள் விஜயா. "இத்தனை பெரிய ஊர்ல ஒரு கிரைண்டர் கிடைக்காதா? நான் பாத்துக்கிறேன்" என்றேன். என் வாழ்க்கையின் பெரும்பாலான விபரீதங்கள் 'நான் பாத்துக்கிறேன்' என்ற சொல்லில்தான் தொடங்கியிருக்கின்றன.

கிதிர்ப்பூர் பக்கம் ஒரு வீட்டுச்சாமான் கடையில் இரண்டு கிரைண்டர்கள் தூசி படிந்து நின்றன. ஷாஹா பாபு என்ற முதலாளி, அவற்றைக் கேட்டு ஒரு மனிதன் வந்துவிட்டானே என்ற ஆனந்தத்தில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஒன்றை வாங்கி வந்தேன். அது காலியாக ஓடும்போது ராஜா. அரிசி போட்டாலும் மந்திரி அளவுக்கு ஓடும். உளுந்தைப் போட்டு, அது பொங்கிக் கெட்டியாக வருகிற நேரம் பார்த்து, உள்ளே மோட்டார் 'ம்ம்ம்' என்று முனக, மேலே டிரம் அசையாமல் நின்றுவிடும்.

கடையில் சொன்னதும் பழுதுபார்க்கும் மிஸ்திரியை அனுப்பினார்கள். பெயர் கோபால்; எல்லோருக்கும் கோபால்தா, அதாவது கோபால் அண்ணன். வந்தார், பிளக்கைச் செருகினார், காலி டிரம் சுற்றுவதைத் தலையைச் சாய்த்துக் கேட்டார், டீ குடித்தார், "ஏக்தம் டிக் ஆச்சே" என்றார். ரொம்பச் சரியாக இருக்கிறதாம். உளுந்து போட்டால்தான் நிற்கும் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அடுத்த தடவை அவர் பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்னதை நம்பி விஜயா காலையிலேயே உளுந்து ஊறப் போட்டாள். அவர் நாலு மணிக்கு வந்தார். அதற்குள் உளுந்து மிக்ஸியில் அரைபட்டு முடிந்திருந்தது. மறுபடியும் காலி டிரம், மறுபடியும் டீ, மறுபடியும் டிக் ஆச்சே.

நான் பேனாவை எடுத்தேன். இரண்டு மாதத்தில் ஆறு கடிதங்கள். பழுப்பு உறை, பதிவுத் தபால், 'புகார்/கிரைண்டர்/1' என்று தொடங்கி வரிசை எண்கள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

இதெல்லாம் என் தலைவலியாக மட்டும் இருந்திருந்தால் ஏழாவது கடிதம் எழுதிக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். ஆனால் விஜயாவுக்கு அந்த ஊரில் தமிழில் நாலு வார்த்தை பேசப் பழகிய ஆள் இல்லை. ஆறு மாதமாக நானும் நித்யாவும் வெளியே போனதும் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அது எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன். அப்போதுதான் எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் சித்திரை விழா வந்தது. புத்தாண்டை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடிச் சாப்பிடுவார்கள். தமிழ்ச் சங்கச் செயலாளரம்மா வீட்டுக்கு வந்து, "இட்லி யார் பொறுப்புன்னு இன்னும் முடிவாகல" என்று இழுத்ததும், "நான் செய்யுதேன்" என்று விஜயா முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். அறுபது பேருக்கு. அந்த அம்மா போன பிறகுதான் இருவரும் கிரைண்டரைத் திரும்பிப் பார்த்தோம்.

"யார்கிட்டயாவது இரவல் கேட்டா என்ன?" என்றேன்.

"மொத மொதல்ல ஒரு பொறுப்பை எடுத்துக்கிட்டு, கிரைண்டர் குடுங்கன்னு அவங்க வாசல்லயே போய் நிக்கணுமா? புதுசா வந்தவ லட்சணம் இதான்னு சொல்லமாட்டாவளா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. மிக்ஸி ஏற்கெனவே கருகிய வாசனை விட ஆரம்பித்திருந்தது.

அந்த வாரம்தான் கடையிலிருந்து தபால் வந்தது. சிவப்பு அட்டை, பொன்னிற எழுத்து, எல்லாம் வங்காளம். நித்யா படித்துச் சொன்னாள்: "வைசாக மாசம் மொத தேதி, சாயங்காலம் அஞ்சு மணிக்கு, குடும்பத்தோட எங்க கடைக்குக் கண்டிப்பா வரணும்னு போட்டிருக்குப்பா."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "விசாரணை!" என்றேன். "ஆறாவது லெட்டர் வேலை செஞ்சிருக்கு. நாள், நேரம், இடம், மூணும் தெளிவா போட்டிருக்கான் பாரு. குடும்பத்தோடன்னா சாட்சிகளோட."

விஜயா அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, கல்யாணப் பத்திரிகை மாதிரில்லா இருக்கு? பிள்ளையார் படம் வேற போட்டிருக்கு."

"வியாபாரிங்க. பிள்ளையாரைப் போடாம எதுவும் அனுப்பமாட்டாங்க."

"அப்பா, அன்னிக்கு பொய்லா பொய்ஷாக். பெங்காலி நியூ இயர். ஸ்கூலே லீவு. இது இன்விடேஷன்பா" என்றாள் நித்யா.

"சம்மனும் ஒரு வகை அழைப்புதான்" என்றேன். (இந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. இப்போது நினைத்தால் எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.)

நம் புத்தாண்டு முடிந்த மறுநாள் அவர்கள் புத்தாண்டு. அன்றிலிருந்து விழா ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. நான் கோப்பைத் தயார் செய்தேன். ஆறு கடித நகல்கள், பதிவுத் தபால் ரசீதுகள், உத்தரவாத அட்டை, நின்றுபோன கிரைண்டரின் புகைப்படங்கள் நான்கு. (புகைப்படத்தில் ஓடுகிற கிரைண்டரும் நின்ற கிரைண்டரும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.) விஜயாவுக்கு என்னைவிட மூளை உண்டு. மத்தியானமே உளுந்து ஊறப் போட்டு, ஒரு தூக்குவாளியில் எடுத்துக்கொண்டாள். நல்ல நாளும் அதுவுமாய் இருக்கட்டும் என்று பட்டுப்புடவையும் கட்டிக்கொண்டாள். மஞ்சள் டாக்சியின் டிக்கியில் கிரைண்டர். குழவிக் கல் என் மடியில்.

கடை வாசலில் வாழைக்கன்று, மாவிலைத் தோரணம். உள்ளே புதுத் துணி உடுத்திய ஐம்பது பேர் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை பேருக்கா இந்தக் கடை கெட்டுப்போன சாமான் விற்றிருக்கிறது? பக்கத்தில் இருந்த பெரிய மீசைக்காரரிடம், எனக்குத் தெரிந்த இந்தியில், உங்களுக்கு என்ன என்று கேட்டேன்.

"ஃபிரிஜ்" என்றார்.

"எத்தனை நாளாச்சு?"

"பதினோரு வருஷம்" என்று சிரித்தார்.

பதினோரு வருஷம் இழுத்தடித்த பிறகும் சிரிக்கிறாரே, இந்த ஊர் மக்களின் பொறுமையே பொறுமை என்று நினைத்துக்கொண்டேன். எல்லோர் கையிலும் ஒரு இனிப்புப் பெட்டியும் சுருட்டிய காலண்டரும் கொடுத்தார்கள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சமரசப் பேச்சு! "எதையும் தொடாதீங்க. வாங்கித் தின்னுட்டா கேஸ் வீக்காயிடும்" என்று கிசுகிசுத்தேன். நித்யாவின் வாயில் ஏற்கெனவே இரண்டு சந்தேஷ் போயிருந்தது.

ஷாஹா பாபு பளபளக்கும் பஞ்சகச்சத்தில் வந்து என்னைக் கட்டிக்கொண்டார். டாக்சிக்காரர் கொண்டுவந்து வைத்த கிரைண்டரைப் பார்த்ததும் கொஞ்சம் திகைத்தார். பிறகு, தென்னிந்தியர்கள் புத்தாண்டுக்கு இயந்திரத்தையும் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள் போலிருக்கிறது என்று முடிவு செய்திருக்க வேண்டும். அதை லட்சுமி கணேசர் மேடைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். புரோகிதர் அதன்மேல் பூப் போட்டு ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குற்றவாளிக்குப் பொட்டா?

அப்போதுதான் அதைப் பார்த்தேன். மேடைக்கு முன்னால் ஒரு சின்னச் சாய்வு மேஜை. அதன்மேல் சிவப்புத் துணி அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்றை விரித்து வைத்திருந்தார்கள். முதல் பக்கம் வெறுமையாக இருந்தது. மேலே மட்டும் வட்ட வட்டமாகச் சிவப்பு முத்திரைகள். பக்கத்தில் ஒரு பேனா. வட்ட முத்திரையையும் பேனாவையும் சேர்த்துப் பார்த்தால் என்னைப் போன்றவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு பொருள்தான் தெரியும். புகார்ப் பதிவேடு.

ஷாஹா பாபுவைப் பார்த்து, எழுதலாமா என்று கையால் கேட்டேன். அவர் வேறு யாரையோ வரவேற்றுக்கொண்டு, வாங்க வாங்க என்று எனக்கும் சேர்த்துத் தலையாட்டினார். புரோகிதர் சாப்பிடப் போயிருந்தார். விஜயா தூக்குவாளியோடு சுவரோரம் நின்றாள். நித்யா குளிர்பான வரிசையில் இருந்தாள். என்னைத் தடுக்க அந்தக் கடையில் ஒரு ஜீவன் இல்லை.

சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வழக்கம்போல் பிள்ளையார் சுழி போட்டேன். வரிசை எண் ஒன்று. இத்தனை பேர் வந்தும் ஒருவர்கூட எழுதவில்லையே, ஜனங்களுக்குத் தங்கள் உரிமை தெரியவில்லையே என்று வருத்தப்பட்டேன். பிறகு ஆங்கிலத்தில், என் சுத்தமான அலுவலகக் கையெழுத்தில், பொருள்: உளுந்து கெட்டியாகும்போது நின்றுவிடும் கிரைண்டர், பார்வை: எனது கடிதங்கள் ஒன்று முதல் ஆறு வரை, என்று தொடங்கி, 'தாங்கள் காட்டிவரும் அலட்சியம் வன்மையான கண்டனத்துக்குரியது' என்பது வரை முக்கால் பக்கம் எழுதி, அடிக்கோடிட்டு, கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தேன்.

புரோகிதர் கையில் பூரியோடு உறைந்து நின்றார். ஷாஹா பாபு பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். குளிர்பானத்தோடு ஓடிவந்த நித்யா நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பா! என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க! இது கடையோட புது வருஷக் கணக்கு நோட்டுப்பா. விடியக்காலைல காளிகாட்ல கியூல நின்னு அம்மன் காலடில வச்சு எடுத்துட்டு வந்திருக்காங்க. இந்த வட்டமெல்லாம் குங்குமத்துல முக்கின காசு வச்ச அடையாளம். மொத பக்கத்துல என்ன எழுதுறாங்களோ அப்படித்தான் வருஷம் பூரா இருக்குமாம். இவங்க எல்லாம் கஸ்டமர்ஸ். சும்மா ஸ்வீட் சாப்பிட வந்திருக்காங்க!"

எழுந்திருக்கப் பார்த்தேன், கால் மரத்துப் போயிருந்தது. மடியிலிருந்த கோப்பு சரிந்து, கிரைண்டர் புகைப்படங்கள் லட்சுமியின் பாதத்தில் போய் விழுந்தன. ஏதாவது செய்ய வேண்டுமே என்ற பதற்றத்தில், "இந்தப் பக்கத்தைக் கிழிச்சிடலாமா?" என்று கேட்டேன். நித்யா மொழிபெயர்த்ததும் ஐம்பது பேரும் ஒரே மூச்சாக 'ஐயோ' என்றார்கள். அம்மன் காலடியில் வைத்த நோட்டைக் கிழிப்பதா? நான் ஒன்றும் பேசாமல் இருந்தாலே பெரிய உபகாரம் என்று எல்லோர் முகமும் சொன்னது. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்போது ஷாஹா பாபுவின் மனைவி முன்னால் வந்தார். கடையில் எல்லோரும் அவரை 'பௌதி' என்றார்கள். அண்ணி என்று அர்த்தம். முதலாளி ஷாஹா பாபு என்றாலும் கடையை ஆள்வது அண்ணிதான் என்பது அந்த நிமிஷமே தெரிந்தது. குனிந்து பக்கத்தைப் பார்த்தார். உச்சியில் இருந்த பிள்ளையார் சுழியில் விரல் வைத்து, இது என்ன என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் விஜயா சுவரை விட்டு வந்தாள். ஆறு மாதமாக அந்த ஊர்க்காரர் யாரிடமும் வாய் திறக்காதவள், மேடையில் இருந்த பிள்ளையாரைக் காட்டி, சுழியைக் காட்டி, "கணேஷ்! மொதல்ல கணேஷ்! எங்க ஊர்ல எப்பமும் மொதல்ல அவருதான்!" என்று தமிழிலேயே சொன்னாள். அது பௌதிக்கு அப்படியே புரிந்தது. நெற்றியில் கைவைத்துக் கும்பிட்டார். ஷாஹா பாபு தூணை விட்டார்.

"முதலில் கணேசர். நல்லது" என்றார் பௌதி. நித்யா சொல்லச் சொல்லத்தான் எனக்குப் புரிந்தது. "அடுத்தது ஒரு புகார். தீராத புகாரோடு வருஷம் தொடங்கினால் வருஷம் முழுக்கப் புகார்தான் வரும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே இதைத் தீர்த்தாக வேண்டும். கோபால்!"

புதுச் சட்டையில் ரசகுல்லா சாப்பிட்டுக்கொண்டிருந்த கோபால்தா, நல்ல நாளில் ஸ்க்ரூ டிரைவரா என்று முனகினார். பௌதி பார்த்த பார்வையில் எழுந்து வந்தார். காலி டிரம்மைச் சுற்றவிட்டு, "டிக் ஆச்சே" என்று தொடங்கும்போதே விஜயா தூக்குவாளியைத் திறந்து உளுந்தைக் கொட்டினாள்.

அடுத்த இருபது நிமிஷம் என் ஆயுளில் மறக்காது. கூட்டம் மொத்தமும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சுற்றி உட்கார்ந்தது. சனியன் பிடித்த கிரைண்டர் அன்றைக்கென்று தேர் மாதிரி ஓடியது. பத்து நிமிஷம் ஆயிற்று, நிற்கவில்லை. பதினைந்து ஆயிற்று, நிற்கவில்லை. பக்கம் நிறையப் புகார் எழுதிவைத்தவன் முன்னால் அது நுரை பொங்க அரைத்துக்கொண்டிருந்தது. கெட்டுப்போ, கெட்டுப்போ என்று நான் காளியிலிருந்து குலதெய்வம் வரை எல்லோரையும் வேண்டினேன். பௌதி மாவில் ஒரு விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்து, இன்னும் ஆகவில்லை என்று தலையாட்டினார். இதே உளுந்தை அரைத்து அடித்துத்தான் அவர்கள் 'போரி' என்று ஒரு வடகம் போடுவார்களாம். ஆகவே மாவு எப்போது கெட்டியாகும் என்று எனக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருந்தது. "இப்போ பாருங்க" என்று விஜயாவும் அவரும் ஆளுக்கொரு மொழியில் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

'ம்ம்ம்' என்றது மோட்டார். டிரம் நின்றது.

கடையே ஆரவாரித்தது. ஃபிரிஜ் மீசைக்காரர் என் முதுகில் ஓங்கித் தட்டினார். கோபால்தா முகம் செத்துப்போய் அடிப்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார். பெல்ட்டும் அது சுற்றும் சக்கரமும் ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவு. கனம் ஏறினால் வழுக்குகிறது. கம்பெனிக்கு அனுப்பினால் ஒரு மாதம் ஆகும் என்றார். பௌதி காதில் வாங்கவே இல்லை. கடையில் விற்காமல் நின்ற இன்னொரு கிரைண்டர், அன்றைய பூஜைக்காகத் துடைத்து மாலை போட்டு மேடையிலேயே இருந்தது. அதை எங்களுக்கு மாற்றாகக் கொடுக்க இறக்கச் சொன்னார். மாலையோடு அது மீதி உளுந்தை நிற்காமல் அரைத்து முடித்தது.

ஷாஹா பாபு இரண்டு கையாலும் பேனாவை என்னிடம் நீட்டினார். என் புகாருக்குக் கீழே எழுதினேன்: 'குறை நீக்கப்பட்டது. மனுதாரர் முழுத் திருப்தி. கோப்பு முடிக்கப்படுகிறது.' அதன்பிறகுதான் எனக்கு இனிப்புக் கொடுத்தார்கள். ஏன் என் கடிதங்களுக்குப் பதிலே போடவில்லை என்று கடைசியாகக் கேட்டேன். பழுப்பு உறையையும் வரிசை எண்ணையும் பார்த்து வரி நோட்டீஸ் என்று பயந்து, பிரிக்காமலே ஆடிட்டருக்கு அனுப்பிவிட்டாராம். ஆடிட்டரும் பிரிக்காமலே, எல்லாவற்றுக்கும் மூன்று மாத அவகாசம் கேட்கலாம் என்று தைரியம் சொல்லியிருந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை இட்லி மல்லிகைப்பூவாக வந்தது. அறுபது பேர் சாப்பிட்டார்கள். அறுபத்தொன்றாவதாகப் பௌதி வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் செயலாளரம்மா, "மாவு எப்படி இவ்வளவு பதமா வந்தது?" என்று கேட்டுத் தொலைத்தார். விஜயா சொல்ல ஆரம்பித்தாள். நான் சம்மணம் போட்டது, அடிக்கோடிட்டது, கிழிக்கட்டுமா என்று கேட்டது, ஒன்றையும் விடவில்லை. நடித்தும் காட்டினாள். பெண்கள் எல்லோரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்கே நாலு பேர் அவளிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். என் மானம் போய் அவளுக்குச் சிநேகிதம் வந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவள் அப்படிச் சிரிப்பதைப் பார்த்தபோது, போனால் போகட்டும் என்றுதான் இருந்தது.

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அந்த வருஷம் ஷாஹா பாபுவின் கடையில் ஒரு புகார்கூட வரவில்லையாம். எல்லாம் முதல் பக்கத்தின் மகிமை என்று பௌதி முடிவு கட்டிவிட்டார். அடுத்த வருஷமும் அட்டை வந்தது. போனால், சிவப்பு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறார்கள். நான் பிள்ளையார் சுழி போட்டு ஒரு புகார் எழுத வேண்டும். அதை அன்றைக்கே தீர்க்க வேண்டும். பிறகுதான் மற்றவர்களுக்கு இனிப்பு. இப்படி இஸ்திரிப் பெட்டி, குக்கர் கைப்பிடி, மேஜை விசிறி என்று வருஷத்துக்கு ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. மாசி மாதம் பிறந்தாலே எங்கள் வீட்டில் ஏதாவது கெட்டுப்போயிருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிடுவோம். கெட்டது கிடைத்தால் தேதி வரும்வரை பத்திரமாக வைத்திருப்போம்.

இந்த வருஷம் ஒன்றும் அகப்படவில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடித் தொலைத்தது. கல்லூரிக்குப் போகும் நித்யா, மிக்ஸியைக் கீழே போட்டுப் பார்க்கலாமா என்றாள். "வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் விஜயா. கடையில் அவளே சாய்வு மேஜைக்கு முன் உட்கார்ந்து, சுழி போட்டு, வரிசை எண் ஒன்று என்று எழுதி, தமிழில் நாலே வரி எழுதினாள். நித்யா அதை வங்காளத்தில் சத்தமாகப் படித்தாள்: "பொருள்: என் வீட்டுக்காரர். உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. மாற்றித் தர வேண்டாம். சரிசெய்து தந்தால் போதும்."

கோபால்தா ஸ்க்ரூ டிரைவரோடு எழுந்தே விட்டார். பௌதி அவரைக் கையமர்த்தி, என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார். "இது இன்றைக்கு முடிகிற வேலை இல்லை. நிலுவையில் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் இனிப்பு கொடுக்கச் சொன்னார். அந்தக் கடையின் நோட்டுகளில் இதுவரை தீர்க்கப்படாத புகார் அது ஒன்றுதான்.